கருவிழி ஓரத்து வளையம்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டிலிருந்து இந்த உரையைக் கேட்பவர்கள், பக்கத்தில் கண்ணாடி இருந்தால் அதன் முன்னால் போய் நின்று கீழ் இமையை விரலால் லேசாக இறக்கிப் பாருங்கள். கண்ணில் கருப்பு முடிந்து வெள்ளை தொடங்கும் இடம் தெரியும். நம் ஊர்க் கண்களில் அந்த ஓரம் பெரும்பாலும் இளம்பழுப்பாக இருக்கும். அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர், அவ்வளவுதான். கருவிழியைச் சுற்றி வளையமாக ஓடும் அந்த ஓரத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். மருத்துவர்கள் அதை லிம்பஸ் என்பார்கள். நான் விளிம்பு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

கண்புரை என்றால் எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை நோயால் விழித்திரை கெடும் என்பதும் இப்போது பரவலாகத் தெரிந்திருக்கிறது. இந்த விளிம்பைப் பற்றி மட்டும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கருவிழிக்கு வைத்தியம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. விளிம்பு அழிந்துபோன கண்ணில் லென்ஸும் விழித்திரையும் நரம்பும் பழுதில்லாமல் இருந்தாலும் பார்வை இருக்காது. அப்படிப்பட்ட கண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு பட்ட உடனே தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் அவற்றில் பலவும் தப்பியிருக்கும்.

முதலில் கருவிழி. கருப்பாகத் தெரிவது அதன் சொந்த நிறமில்லை. பின்னால் இருக்கும் ஐரிஸ் என்ற திரையின் நிறம் அது. கருவிழி முழுக்க முழுக்க ஒளி ஊடுருவும் திசு. குறுக்களவு 12 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடுவில் தடிமன் அரை மில்லிமீட்டர். அதில் இரத்தக் குழாய் என்று ஒன்றுகூடக் கிடையாது, இருந்தால் ஒளி தடைபட்டுவிடும். விழித்திருக்கும்போது காற்றிலிருந்து கண்ணீரில் கரைகிற ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. தூங்கும்போது இமையின் உட்புறத்து இரத்தக் குழாய்களிலிருந்து கிடைப்பதை வைத்துச் சமாளிக்கிறது.

இந்தக் கருவிழியின் மேல்தோல் 5 முதல் 7 அடுக்குச் செல்களால் ஆனது. எல்லா அடுக்கையும் சேர்த்தாலும் தடிமன் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. தூசி, புகை, வெயில் எல்லாம் முதலில் படுவது இதன்மேல்தான். நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை இமை வேறு இதைத் துடைத்துவிட்டுப் போகிறது. மேல் அடுக்குச் செல்கள் நாள்தோறும் உதிர்ந்து கண்ணீரோடு கலந்து போகின்றன. அடியிலிருந்து புதியவை மேலேறி வருகின்றன. ஏழு முதல் பத்து நாளுக்குள் மேல்தோல் முழுவதும் புதிதாகிவிடும். போன வாரம் நீங்கள் உலகத்தைப் பார்த்த மேல்தோல் இந்த வாரம் உங்கள் கண்ணில் இல்லை.

சரி, இந்தப் புதுச் செல்கள் எங்கிருந்து வருகின்றன? எண்பது வயதுவரை வற்றாமல் வருகிறதே, அந்த ஊற்று எங்கே இருக்கிறது?

வெகுகாலம் இதற்குத் தவறான விடைதான் இருந்தது. வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கும் சவ்வின் செல்களே உள்ளே வந்து கருவிழிச் செல்களாக மாறிக்கொள்கின்றன என்று நம்பினார்கள். 1971இல் நார்வேயைச் சேர்ந்த தாவாங்கர், எவன்சன் என்ற இருவர், விளிம்பில் சக்கரத்து ஆரக்கால்கள்போல் நிற்கும் சிறு மேடுகளே கருவிழித் தோலைப் புதுப்பிக்கும் இடமாக இருக்க வேண்டும் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்த மேடுகளை ஆல்ஃபிரெட் ஃபோக்ட் என்ற சுவிஸ் மருத்துவர் முன்பே விவரித்திருந்தார். இன்றும் அவர் பெயரால்தான் அவை வழங்குகின்றன. 1983இல் தாஃப்ட், ஃப்ரெண்ட் என்ற இருவர் ஒரு எளிய கணக்கைச் சொன்னார்கள். அடியில் பிறக்கும் செல்கள், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்ந்து வரும் செல்கள், இரண்டையும் கூட்டினால் மேலே உதிர்கிற செல்களுக்குச் சமமாக இருக்க வேண்டும். சமமாக இருந்தால் கண் நலமாக இருக்கும். வரவு குறைந்தால் மேல்தோல் உரியும்.

நல்ல கணக்குதான். ஆனால் ஊற்று விளிம்பில் இருக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று வேண்டுமே. அது அமெரிக்காவில் டுங்-டியென் சுன், ராபர்ட் லாவ்கர் ஆகியோரின் குழுவிடமிருந்து வந்தது. 1986இல் அவர்கள் கவனித்தது இது: முதிர்ந்த கருவிழிச் செல்லுக்கு அடையாளமான ஒரு கெரட்டின் புரதம் கருவிழித் தோலின் எல்லா அடுக்கிலும் இருக்கிறது, விளிம்பின் அடியடுக்கில் மட்டும் இல்லை. அப்படியானால் அங்கே இருப்பவை இன்னும் முதிராத செல்கள். 1989இல் அதே குழு இன்னொரு சோதனை செய்தது. எலிகளுக்கு, செல் பிரியும்போது அதன் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும் ஓர் அடையாளப் பொருளைத் தொடர்ந்து கொடுத்தார்கள். பிறகு நிறுத்திவிட்டுச் சில வாரம் காத்திருந்தார்கள். வேகமாகப் பிரிகிற செல்களில் ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த அடையாளம் பாதி பாதியாகக் குறைந்து மறைந்துவிடும். மெதுவாகப் பிரிகிற செல்லில் அப்படியே தங்கியிருக்கும். பார்த்தால், கருவிழியின் நடுவில் ஒன்றும் மிஞ்சவில்லை. விளிம்பின் அடியடுக்கில் மட்டும் அடையாளத்தோடு செல்கள் இருந்தன.

அவைதான் ஸ்டெம் செல்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பஞ்ச காலத்திலும் விதைநெல்லை அவித்துத் தின்ன விடமாட்டார்கள். ஸ்டெம் செல்லின் வேலையும் அந்த ஒழுங்கில்தான் நடக்கிறது. அது அபூர்வமாகவே பிரிகிறது. பிரியும்போதும் தன்னைப் போன்ற ஸ்டெம் செல்லைத் தொடர்ந்து இருப்பில் வைத்துக்கொண்டுதான் மற்றதை வேலைக்கு அனுப்புகிறது. வேலைக்குப் போன செல் சில முறை வேகமாகப் பிரிந்து பெருகி, நடுவை நோக்கி நகர்ந்து, மெல்ல மேலேறி, கடைசியில் கண்ணீரோடு உதிர்ந்துவிடும். இருப்பில் இருப்பது இருந்த இடத்தைவிட்டு அசையாது.

செல்கள் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்கின்றன என்பதை நான் நோயாளிகளின் கண்ணிலேயே பார்க்கிறேன். இதயத் துடிப்புக் கோளாறுக்கு அமியோடரோன் என்று ஒரு மாத்திரை உண்டு. அதை நெடுநாள் சாப்பிடுபவர்களின் கருவிழித் தோலில் பழுப்பு நிறக் கோடுகள் படியும். விளக்கொளியில் உருப்பெருக்கிப் பார்த்தால் அந்தக் கோடுகள் கருவிழியின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு புள்ளியில் சுழன்று சேரும். பொதுவாக அவை பார்வையைக் கெடுப்பதில்லை. செல்கள் நடந்து வந்த தடத்தை அந்த மருந்து வரைந்து காட்டுகிறது என்றே எனக்குத் தோன்றும். பல முறை பார்த்தபின்னும் அதைப் பார்க்கும்போது எனக்கு வியப்பு குறைவதில்லை.

இதெல்லாம் முடிந்த முடிவு என்று நினைக்க வேண்டாம். 2008இல் ஒரு குழு, சுண்டெலியின் கருவிழி நடுவிலும் ஸ்டெம் செல் குணம் கொண்ட செல்கள் இருக்கின்றன என்று நேச்சர் இதழில் எழுதி ஒரு விவாதத்தைக் கிளப்பியது. 2021இல் எலிகளில் வெளிவந்த ஆய்வுகள் விளிம்பையே இரண்டாகப் பிரித்துக் காட்டின. வெளி ஓரத்தில் இருப்பவை பெரும்பாலும் உறங்கிக் கிடக்கின்றன. காயம் பட்டால் எழுகின்றன. உள் ஓரத்தில் இருப்பவை அன்றாடத் தேவையைப் பார்த்துக்கொள்கின்றன. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் வி. ஆர். முத்துக்கருப்பனும் அவருடன் வேலை செய்தவர்களும், மனித விளிம்பில் எந்தச் செல் ஸ்டெம் செல் என்று அடையாளம் காண ஒரு வழியை 2005இல் வெளியிட்டார்கள். உருவில் சிறியது, உடலோடு ஒப்பிட்டால் உட்கரு பெரியது, பி63 என்ற புரதம் மிகுந்தது. இந்த அடையாளங்கள் எல்லாம் சேர்ந்திருக்கும் செல்கள் விளிம்பில் மிகக் கொஞ்சம்தான் இருக்கின்றன.

இப்போது ஒரு சின்னக் காயத்தை எடுத்துக்கொள்வோம். கைக்குழந்தையைத் தூக்கும்போது அதன் நகம் தாயின் கண்ணில் கீறிவிடுவது அடிக்கடி நடக்கிறது. வலி உயிர் போகும். கருவிழியில் நரம்பு நுனிகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் கண்ணைத் திறக்கவே முடியாது. அதே நேரத்தில் உள்ளே பழுது பார்க்கும் வேலை தொடங்கிவிடும். முதல் சில மணி நேரம் காயத்தின் ஓரத்தில் இருக்கும் செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டுத் தட்டையாகி, ஒன்றை ஒன்று விடாமல் பிடித்தபடி வெற்றிடத்தின் மேல் நகர்ந்து வரும். முதலில் திறந்து கிடப்பதை மூட வேண்டும், தடிமனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. மூடிய பிறகு பெருகும். விளிம்பில் உறங்கிய செல்களும் விழித்து ஆளனுப்பத் தொடங்கும். நாங்கள் ஃப்ளூரசின் சாயத்தைக் கண்ணில் விட்டு நீல ஒளியில் பார்ப்போம். தோல் போன இடம் பச்சையாக ஒளிரும். சிறு கீறல் என்றால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பச்சை இருக்காது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கண்ணில் அடிபட்டால் தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு என்று எதையாவது விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. தயவுசெய்து விடாதீர்கள். தானாக ஆறியிருக்க வேண்டிய காயத்தில் கிருமியைச் சேர்க்கிற வேலை அது. நெல், வைக்கோல், செடியின் கிளை பட்ட காயம் என்றால் இன்னும் கவனம் வேண்டும், பூஞ்சைத் தொற்று பெரும்பாலும் அப்படித்தான் கண்ணில் நுழைகிறது. அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நடுவில் எவ்வளவு பெரிய காயம் பட்டாலும் விளிம்பு நன்றாக இருந்தால் தோல் திரும்ப வரும். விளிம்பே போய்விட்டால்? அப்போது ஊற்று நின்றுபோகிறது. உதிர்வது உதிர்ந்துகொண்டே இருக்கும், புதிது வராது. விளிம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு, வெள்ளை விழியின் சவ்வை அது எல்லையில் தடுத்து நிறுத்திவைக்கிறது. அந்தத் தடையும் நீங்குவதால் சவ்வு இரத்தக் குழாய்களோடு கருவிழியின் மேல் ஏறி வந்து படர்ந்துவிடும். கண் சிவந்து, வெளுத்து, மங்கி, வெளிச்சத்தைப் பார்த்தாலே கூசும். தோல் அடிக்கடி உரிந்து புண்ணாகும். பார்வை போனது ஒரு துன்பம் என்றால் ஓயாத எரிச்சல் இன்னொரு துன்பம்.

விளிம்பு போவதற்குப் பல காரணங்கள். சில மாத்திரைகளின் ஒவ்வாமையால் உடம்பெல்லாம் தோல் உரியும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய், பிறவியிலேயே ஐரிஸ் இல்லாத சில குழந்தைகளின் மரபுக் கோளாறு, பல ஆண்டு கான்டாக்ட் லென்ஸைக் கழற்றாமல் போட்டுக்கொண்டிருப்பது. இவற்றைப் பேச இன்னொரு நாள் வேண்டும். நம் நாட்டில் நான் அதிகம் கவலைப்படுவது சுண்ணாம்பைப் பற்றி.

வெள்ளையடிக்க நீர்த்துப்போட்ட சுண்ணாம்பு, வெற்றிலைக்கும் புகையிலைக்கும் கடையில் தொங்கும் சின்னச் சுண்ணாம்புப் பாக்கெட், இரண்டும் ஒன்றுதான். பாக்கெட்டைக் குழந்தை விளையாட்டாக எடுத்துக் கையால் அழுத்தும். அது வெடித்து நேராக முகத்தில் பீய்ச்சும். இந்தியாவில் குழந்தைகளின் கண்ணில் ஏற்படும் இரசாயனக் காயங்களுக்கு முக்கியக் காரணம் இந்தச் சுண்ணாம்புதான். அமிலம்தான் பயங்கரம் என்று பலரும் நினைக்கிறார்கள். அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து, தானே ஒரு தடுப்பாகி, மேற்கொண்டு உள்ளே போவதை ஓரளவு நிறுத்தும். சுண்ணாம்பு போன்ற காரம் அப்படியில்லை. செல்லின் சவ்வில் இருக்கும் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கிக்கொண்டே போகும். சுண்ணாம்பில் இன்னொரு கெடுதலும் உண்டு. துணுக்குகள் மேல் இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் காரத்தைக் கசியவிடும்.

அதனால், சுண்ணாம்பு பட்டால் வண்டி தேடாதீர்கள், மருத்துவமனை எங்கே என்று கேட்காதீர்கள். முதலில் தண்ணீர். குழாயோ, குடமோ, பாட்டில் தண்ணீரோ, கையில் கிடைக்கும் சுத்தமான தண்ணீரை இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குள் ஊற்றுங்கள். குழந்தை கதறும், திமிறும். இரண்டு பேர் பிடித்துக்கொண்டாவது இருபது நிமிடம், அரை மணி நேரம் விடாமல் ஊற்றுங்கள். அப்புறம் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அங்கே மேல் இமையைப் புரட்டித் துணுக்குகளை எடுத்துவிட்டு மறுபடி கழுவுவார்கள். அதன் பிறகு விளிம்பைப் பார்ப்போம். கடிகார முகம்போலப் பன்னிரண்டு பாகமாகப் பிரித்து எத்தனை பாகம் வெளுத்துப் போயிருக்கிறது என்று குறிப்போம். மூன்று என்றால் நம்பிக்கை நிறைய உண்டு. பன்னிரண்டும் என்றால் பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிற்போம்.

சுண்ணாம்புக்கும் கருவிழிக்கும் வரலாற்றில் ஒரு பெரிய தொடர்பு இருக்கிறது. உலகில் வெற்றி பெற்ற முதல் முழுத் தடிமன் கருவிழி மாற்று அறுவை சிகிச்சையை 1905 டிசம்பரில் எட்வர்ட் ஸிர்ம் என்பவர் செய்தார். இடம் ஓலோமௌட்ஸ் நகரம், இன்றைய செக் குடியரசு. நோயாளி, சுண்ணாம்பு நீர்க்கும்போது இரண்டு கண்ணும் வெந்துபோன ஒரு கூலித் தொழிலாளி. இரண்டு கண்ணிலும் ஒட்டு வைத்தார் ஸிர்ம். ஒன்று தோற்றது, மற்றது தெளிவாக நிலைத்தது. அந்த மனிதர் மறுபடி வேலைக்குப் போனார். நிலைத்த கண்ணில் விளிம்பு ஓரளவு பிழைத்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். ஏனென்றால் விளிம்பு முழுக்கப் போன கண்ணில் தானமாக வந்த கருவிழியை வைத்தால் நிற்காது. கொடுத்தவருடைய மேல்தோல் காலப்போக்கில் உதிர்ந்துவிடும். அதை ஈடுகட்ட வாங்கியவரின் ஊற்று வேண்டும், அதுதான் இல்லையே. கொஞ்ச காலத்துக்கு வெளிச்சம், பிறகு மறுபடி அதே மங்கல். இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று ஒட்டு வைத்துத் தோற்ற கதைகள் அந்தக் காலத்தில் ஏராளம்.

வழி 1989இல் திறந்தது. கென்னத் கென்யான், ஷெஃபர் ட்செங் ஆகிய இருவர், நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து பட்டையாகத் திசு எடுத்துக் கெட்ட கண்ணின் விளிம்பில் தைத்தார்கள். கண் தெளிந்தது. ஆனால் எடுக்க வேண்டிய அளவு கொஞ்சநஞ்சமில்லை. இருக்கிற ஒரே நல்ல கண்ணின் விளிம்பில் அவ்வளவு கத்தி வைப்பதற்கு நோயாளியும் தயங்குவார், மருத்துவரும் தயங்குவார்.

1997இல் இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினி, மிக்கேலே தெ லூக்கா ஆகியோர் ஒன்றிரண்டு சதுர மில்லிமீட்டர் திசுவை மட்டும் எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து விரிப்பாக்கி, காரம் பட்டுக் கெட்ட கண்களில் ஒட்டினார்கள். தீக்காயத்துக்காகத் தோலை வளர்க்க ஹோவர்ட் கிரீன் 1970களில் கண்டுபிடித்த முறையே அதற்கு அடிப்படை. 2010இல் 112 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்குக் கருவிழி நிலையாகத் தெளிந்திருந்தது. அந்த ஆய்வில் என்னை மிகவும் ஈர்த்த விவரம் வேறு. வளர்த்த விரிப்பில் பி63 மிகுந்த செல்கள் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 78 சதவீதம் வெற்றி. அதற்குக் குறைந்தால் 11 சதவீதம்தான். விரிப்பு எவ்வளவு பெரிது என்பதைவிட அதற்குள் உண்மையான ஸ்டெம் செல் எவ்வளவு என்பதே முடிவைத் தீர்மானித்தது. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு மருந்தாக அனுமதி அளித்தது. அங்கே அனுமதி பெற்ற முதல் ஸ்டெம் செல் மருந்து அதுதான்.

அருமையான சாதனை. ஆனால் அந்த ஆய்வகத்தையும் அதன் செலவையும் நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்புப் பாக்கெட் வெடித்த குழந்தையின் வீட்டுக்கு அது எட்டுமா?

இந்தக் கேள்விக்கு விடை ஹைதராபாத்தில் கிடைத்தது. எல். வி. பிரசாத் கண் நிறுவனத்தில் விரேந்தர் சங்வானும் அவருடன் இருந்தவர்களும் 2001 முதலே விளிம்புத் திசுவை ஆய்வகத்தில் வளர்த்து நூற்றுக்கணக்கான கண்களுக்கு வைத்துவந்தார்கள். அவர்களுக்கு ஒரு யோசனை. பாத்திரத்தில் வளர்த்துப் பிறகு கண்ணில் ஒட்டுவதற்குப் பதிலாக, கண்ணின் மேலேயே வளரவிட்டால் என்ன? வெப்பம், ஈரம், ஊட்டம் எல்லாம் அங்கே இருக்கின்றனவே. 2012இல் சங்வான், சயன் பாசு, ஷீலா மக்நீல், து. பாலசுப்ரமணியன் ஆகியோர் முதல் ஆறு நோயாளிகளின் முடிவை வெளியிட்டார்கள். ஸ்லெட் என்று அந்த முறையைச் சொல்கிறோம்.

செய்முறையைக் கேளுங்கள். நல்ல கண்ணின் விளிம்பில் 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துண்டை எடுப்போம். அந்தக் காயம் சீக்கிரம் ஆறிவிடும். கெட்ட கண்ணில் கருவிழியின் மேல் படர்ந்திருக்கும் சவ்வையும் இரத்தக் குழாய்களையும் பொறுமையாக உரித்தெடுப்போம். உரித்த இடத்தில் பனிக்குடச் சவ்வை விரித்து ஃபைப்ரின் பசையால் ஒட்டுவோம். அறுவை சிகிச்சையில் குழந்தை பெறும் தாய்மார் சம்மதித்துக் கொடுக்கும் நஞ்சுக்கொடியிலிருந்து, தொற்று இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்த பிறகு, பிரித்தெடுத்துப் பதப்படுத்திய சவ்வு அது. வீக்கத்தைத் தணிக்கும், செல்கள் நகர்ந்து போக நல்ல தளமாக இருக்கும். அப்புறம் அந்தச் சின்னத் துண்டை எட்டு அல்லது பத்துத் துணுக்குகளாக நறுக்கி, பார்வை செல்லும் நடுப்பகுதியை விட்டுவிட்டுச் சுற்றிலும் வட்டமாகப் பசையால் பொருத்துவோம். மேலே ஒரு மெல்லிய கான்டாக்ட் லென்ஸ். முடிந்தது. ஆய்வகம் வேண்டாம், வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். ஒரே அமர்வு.

அடுத்த சில நாட்களில் ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் செல்கள் கிளம்பி நாலாபக்கமும் படர்ந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் தோல் மூடிவிடும். பச்சைச் சாயத்தை விட்டுப் பார்க்கும்போது அந்த வளர்ச்சி நாளுக்கு நாள் தெரியும். அந்த நாட்களில் காலையில் வார்டுக்குப் போகும்போது எனக்குள் இருக்கும் ஆவலைச் சொல்லி முடியாது.

2016இல் அதே குழு 125 நோயாளிகளின் முடிவை வெளியிட்டது. 95 பேருக்கு, அதாவது 76 சதவீதத்தினருக்கு, கருவிழியின் மேற்பரப்பு நிலையாக இருந்தது. கோடிக்கணக்கில் செலவாகும் ஆய்வக முறையின் வெற்றிக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அந்த 125 பேரில் 60 பேர் குழந்தைகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். இன்றைக்கு உலகின் பல நாடுகளில் இந்த முறையில் செய்கிறார்கள். பெரிய கருவி எதுவும் இல்லாத ஒரு சாதாரண அறுவை அரங்கில் பயிற்சி பெற்ற மருத்துவர் செய்துவிடலாம். என் துறையில் இந்தியா உலகத்துக்குக் கொடுத்தவற்றில் இதற்கு இணையாக நான் வைப்பது மிகச் சில.

இரண்டு கண்ணிலும் விளிம்பு போனவர்களுக்கு என்ன வழி? நெருங்கிய உறவினரிடமிருந்தோ, இறந்தவர் தானம் கொடுத்த கண்ணிலிருந்தோ விளிம்புத் திசுவை எடுத்து வைக்கலாம். ஆனால் உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை நெடுங்காலம் சாப்பிட வேண்டியிருக்கும். ஜப்பானில் கோஜி நிஷிதாவின் குழு வாயின் உட்புறத் தோலை வளர்த்துக் கண்ணில் வைத்து 2004இல் நல்ல பலனைக் காட்டியது. மிக மோசமான, காய்ந்து வறண்டுபோன கண்களுக்கு நோயாளியின் சொந்தப் பல்லிலேயே ஒரு சிறு லென்ஸைப் பதித்துக் கண்ணில் பொருத்தும் அறுவை சிகிச்சையும் உண்டு; சென்னையிலும் செய்கிறார்கள். கேட்பவர்களுக்கு நம்புவதற்குக் கடினமாக இருக்கும், ஆனால் வெளிச்சம் மட்டும் தெரிந்தவர்கள் அதன் உதவியால் முகம் பார்த்திருக்கிறார்கள்.

இதே நிஷிதா 2019இல் இன்னொரு படி போனார். தொப்புள்கொடி இரத்தச் செல்களைப் பின்னோக்கித் திருப்பி, எந்தத் திசுவாகவும் வளரக்கூடிய ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து கருவிழித் தோலை வளர்த்து ஒசாகாவில் ஒரு நோயாளிக்கு வைத்தார். நான்கு பேருக்குச் செய்த முடிவுகள் 2024இல் லான்செட் இதழில் வந்தன. நால்வருக்கும் முதலில் முன்னேற்றம் தெரிந்தது. மூவருக்கு நிலைத்தது. ஒருவருக்குக் கொஞ்சம் பின்னடைவு. நான்கு பேரை வைத்துப் பெரிதாக முடிவு கட்ட முடியாது. இருந்தாலும் இரண்டு கண்ணும் போனவர்களுக்கு அடுத்த வழி இந்தத் திசையில்தான் வரும் என்று நம்புகிறேன்.

ஸ்டெம் செல் என்ற பெயரைச் சொல்லி விளம்பரம் செய்பவர்களைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியவில்லை. விளிம்பு ஸ்டெம் செல் கண்ணின் மேல்தோலை மட்டும்தான் சரிசெய்யும். விழித்திரை கெட்டவருக்கும், கண் நரம்பு பட்டுப்போனவருக்கும் இது உதவாது. இடுப்பிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ எதையோ எடுத்துக் கண்ணில் ஊசி போட்டால் பார்வை திரும்பும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் அப்படி ஊசி போட்டுக்கொண்டு, இருந்த பார்வையையும் இழந்தவர்களைப் பற்றி 2017இல் மருத்துவ இதழில் வெளிவந்திருக்கிறது.

கடைசியாக, பழைய காயத்தோடு இருப்பவர்களுக்கு. பத்து வருடம், இருபது வருடம் முன்னால் சுண்ணாம்போ அமிலமோ பட்டு, ஒரு கண் வெள்ளையாகிப் போய், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னது அன்றைய நிலைமைக்குச் சரியாக இருந்திருக்கும். இப்போது மறுபடி கருவிழி மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். காயம் பழையது என்பது தடையில்லை. சொல்லப்போனால் புதுக் காயத்தில் சிவப்பும் வீக்கமும் அடங்கும்வரை நாங்களே சில மாதம் காத்திருப்போம். குழந்தைகள் விஷயத்தில் மட்டும் அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். ஏழெட்டு வயதுக்குள் அந்தக் கண் பார்க்கப் பழகாவிட்டால் பிறகு கருவிழி தெளிந்தாலும் மூளை அந்தக் கண்ணின் பார்வையை எடுத்துக்கொள்ளாமல் போகலாம். பழைய மருத்துவச் சீட்டுகள் இருந்தால் கொண்டுபோங்கள். கெட்ட கண்ணில் டார்ச் அடித்தால் வெளிச்சம் தெரிகிறதா, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவைத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. அந்த இரண்டு கேள்வியும் மருத்துவர் உங்களிடம் கேட்கப் போகிறவைதான்.

நன்றி, வணக்கம்.